ஜூனிபருக்குக் கவாத்து

ஜனவரி 4, வியாழன்

காலை ஐந்து டிகிரி. மழை இல்லை. ஏழரை பஸ்ஸில் மேபலை ஏற்றிவிட்டேன். பெங்களூரில் எங்கள் மகள் ஷீபாவுக்குப் பிரசவம். மேபல் திரும்பி வர மார்ச் கடைசி ஆகிவிடும். அதுவரை நான் தனிக்கட்டை.

முப்பத்துநாலு வருடம் தேயிலை எஸ்டேட்டில் பீல்டு ஆபீசராக இருந்தவன் நான். குளிர் எவ்வளவு, மழை எவ்வளவு, யார் எந்தத் தேயிலைக் காட்டில் என்ன வேலை செய்தார்கள் என்று தினம் தினம் எழுதிய கை. ரிட்டயராகி ஆறு வருடமாகியும் எழுதாவிட்டால் சோறு இறங்குவதில்லை. எஸ்டேட் இல்லாததால் வீட்டை எழுதுகிறேன்.

மேபல் இரண்டு பக்கத்துக்கு உத்தரவு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஹெட்மிஸ்டிரஸாக இருந்தவள் அல்லவா, வீட்டுக்காரனும் அவளுக்கு நாலாம் வகுப்புப் பையன்தான். பிரஷர் மாத்திரை, கேஸ், பால் கார்டு என்று போகிறது. கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: "ஜூனிபரைத் தொட வேண்டாம். தெய்வானை பார்த்துக்கொள்வாள்." அடியில் இரண்டு கோடு வேறு.

தெய்வானை வாரத்தில் மூன்று நாள் தோட்ட வேலைக்கு வருகிறவள். ஒன்பது வருடமாக வருகிறாள். அதற்கு முன் கொழுந்து பறித்தவள். கீழே எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் மகளோடு இருக்கிறாள். புருஷன் இல்லை. மகள் மலர்விழி இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறாள். நல்ல வேலைக்காரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் செடி விஷயத்தில் இந்த ஆசீர்வாதத்துக்குத் தெரியாதது தெய்வானைக்குத் தெரியுமாம்! எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கே சிரிக்கும்.

ஜூனிபர் என்கிற அந்த ஊசியிலைச் செடி எங்கள் வாசலுக்கு நேரே நிற்கிறது. பதினேழு வருடத்துக்கு முன் மேபல் விரல் நீளக் குச்சியாகக் கொண்டுவந்தாள். டின்னில் மணல் போட்டு நட்டு, சமையலறை ஜன்னலில் வைத்து, வேர் விட ஒன்பது மாதம் காத்திருந்தாள். ஷீபாவுக்கும் அவ்வளவுதான் காத்திருந்தாள். இப்போது எட்டடி உயரம். அடியிலிருந்து நுனிவரை கூம்பாக, இடைவெளியே இல்லாத பச்சை. கிறிஸ்மஸ் ஸ்டாரைக் கட்டுவது அதில்தான். கேரல் பாட வருகிற சர்ச் கோஷ்டி என்னை ஏறிட்டும் பார்ப்பதில்லை, அதைச் சுற்றி நின்றுதான் பாடுகிறது. மேபல் அதை "என் சின்னவ" என்பாள்.


ஜனவரி 9, செவ்வாய்

உறைபனி. ஒரு டிகிரி. புல்வெளி முழுக்க உப்புக் கொட்டிய மாதிரி இருந்தது. ஜூனிபரின் வெளிப்பக்கம் நிறம் மங்கியிருக்கிறது. ஸ்டார் விளக்கின் சூடு பட்டிருக்குமோ?


ஜனவரி 12, வெள்ளி

இரண்டு டிகிரி. ஜூனிபர் மங்கல் அல்ல, பழுப்பு. கிழக்குப் பக்கம் செம்பு நிறமே வந்துவிட்டது. தெய்வானையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது பனிக்கு அப்படித்தாங்கய்யா நெறம் மாறும். பங்குனில தானா பச்சையாயிரும்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"டீச்சரம்மாதான். வருசா வருசம் பாக்கறேனே."

"வருஷா வருஷம் நீ பாத்தது களை. இது செடி சோர்ந்து போனது. கிழடு தட்டின தேயிலை இப்படித்தான் ஆகும். இதுக்கு ஒரே வைத்தியம்தான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தேயிலையில் வளர்ந்தவள் அல்லவா. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேணாங்கய்யா" என்றாள். "டீச்சரம்மா வந்துரட்டும்."

டீச்சரம்மா வருவதற்குள் செடி செத்துவிட்டால் யார் பதில் சொல்வது? மூவாயிரம் ஏக்கருக்குக் கவாத்து பார்த்தவன் நான். தேயிலையை நாலு வருடத்துக்கு ஒரு தடவை முட்டளவுக்கு வெட்டி இறக்குவோம். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். ஐம்பதாம் நாள் கட்டையெல்லாம் மொட்டு வெடித்துக்கொண்டு நிற்கும். செடிக்கு இரக்கம் காட்டினால் செடி கெடும்.


ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நான்கு டிகிரி. தெய்வானைக்கு நாளையும் லீவு. கவாத்துக் கத்தியைச் சாணை பிடித்தேன். ஜூனிபரை லேசாகக் கவாத்து செய்தேன். மத்தியானம் மலர்விழி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல ருசி. மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினேன்.


ஜனவரி 17, புதன்

தெய்வானை வேலைக்கு வந்தாள். கேட்டைத் திறந்தவள் கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"ஐயா... இவ்வளவா வெட்டறது?"

"எவ்வளவு வெட்டணும்னு எனக்குத் தெரியும்."

"ஒரு பச்சைகூட இல்லீங்களே ஐயா."

கவாத்து என்றால் பச்சை இருக்காதுதான். இரண்டடி உயரத்தில் நிறுத்தியிருக்கிறேன். வெட்டு ஒவ்வொன்றும் சாய்வாக, ஒரே வீச்சில் விழுந்தது, ஒன்றுகூடப் பிளக்கவில்லை. அழுகாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்து வெட்டுவாயில் பூசிவிட்டேன். என்னிடம் வேலை கற்ற மேஸ்திரிகள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இவள் என்னவோ பிணத்தைப் பார்த்த மாதிரி பார்க்கிறாள்.

வெட்டிய கிளைகளை அவளே சுமந்துபோய்ப் பின்பக்கம் போட்டாள். வாசமாக இருந்தது. "டீச்சர்கிட்ட ஃபோன்ல ஒண்ணும் சொல்லிராத. துளிர் வந்ததும் நானே சொல்றேன், ஆச்சரியப்படட்டும்" என்றேன். "நான் ஏங்கய்யா சொல்லப்போறேன்" என்றாள்.

ஐம்பது நாள் என்றால் மார்ச் 5. மேபல் வருவதற்கு முன் துளிர்த்துவிடும். கவலைப்பட ஒன்றும் இல்லை.


ஜனவரி 20, சனி

மேபல் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுகிறாள். முதல் கேள்வி மாத்திரை, இரண்டாவது கேள்வி சின்னவள். இன்றைக்கு, "ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றாள்.

டிசம்பரில் எடுத்த போட்டோ ஒன்று ஃபோனில் இருந்தது. மேலே ஸ்டார் தெரிந்தது. அதை வெட்டிவிட்டு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்த வருஷம் பனிக்கு நெறமே மாறலியா? தை மாசம் செம்பு மாதிரி ஆயிருமே!"

"இந்த வருஷம் பனி கம்மி" என்றேன்.

ஆறு வருடமாக அதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். ஒரு தை மாதம்கூட அந்தச் செடியை நான் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பார்த்திருந்தாலும் கவாத்து தேவைதான்.


பிப்ரவரி 2, வெள்ளி

பேத்தி! மூன்று கிலோ. காலை 9.10க்கு. தாயும் பிள்ளையும் நலம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தெய்வானைக்கு இனிப்புக் கொடுத்தேன். "டீச்சரம்மா மாதிரி நல்லாப் படிக்கட்டுங்கய்யா" என்றாள். நானும் படித்தவன்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஜூனிபர்: மொட்டு இல்லை. பதினெட்டாம் நாள்தானே.


பிப்ரவரி 14, புதன்

முப்பதாம் நாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மொட்டு இல்லை. பனி விழாமல் இருக்க நாலு கம்பு நட்டுச் சாக்கு கட்டினேன். ரோட்டிலிருந்து பார்த்தால் செடி தெரியாது. பனிக்காகத்தான் கட்டினேன்.


பிப்ரவரி 21, புதன்

மொட்டு இல்லை. யூரியா கரைத்து ஊற்றினேன். தெய்வானை பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்தால் திட்டவாவது செய்யலாம்.


பிப்ரவரி 26, திங்கள்

போஜராஜின் நர்சரிக்குப் போனேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், நாற்பது வருடமாக அலங்காரச் செடி விற்கிறான். யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஜூனிபரையா? பச்சைக்குக் கீழயா வெட்டினாங்க?"

"கொஞ்சம் கீழ."

"எவன்டா ஆசீர் அந்தப் புத்திசாலி? அது தேயிலை இல்லடா. தேயிலைக்குக் கட்டைக்குள்ள கண்ணு தூங்கிட்டு இருக்கும், வெட்டினா முழிச்சுக்கும். ஜூனிபருக்குப் பழைய கட்டையில கண்ணே கெடையாது. பச்சை இருக்கற எடத்துல நுனியை மட்டும் கிள்ளணும். மொட்டைக் கட்டையாக்கினா அவ்வளவுதான், புடுங்கிப் போட்டுட்டு வேற நட வேண்டியதுதான்."

போஜராஜ் ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயிலானவன். வியாபாரிக்குப் புதுச் செடி விற்றால் லாபம், அப்படித்தான் சொல்வான்.

வீட்டுக்கு வந்து ஒரு கிளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. இன்னொன்றையும் சுரண்டினேன். எல்லாவற்றையும் சுரண்டினேன்.


மார்ச் 5, செவ்வாய்

ஐம்பதாம் நாள். காலை ஒன்பது டிகிரி. மழை இல்லை. மொட்டு இல்லை.


மார்ச் 7, வியாழன்

நேற்றுக் காற்றில் சாக்கு விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா கிருபை வர வேண்டும்! சர்ச் பெண்கள் ஐக்கியச் செயலாளர். அவள் வாய்க்குள் ஒரு செய்தி போனால் கேத்தி முழுக்க மணி அடித்தது மாதிரிதான். நான் உள்ளே இருந்தேன். அவள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, மணியை அழுத்தாமலே போய்விட்டாள்.

இன்றைக்கு மேபல் ஆறு மணிக்குக் கூப்பிடவில்லை. மத்தியானமே கூப்பிட்டாள்.

"கிருபை ஃபோன் பண்ணினா. ஜூனிபரை முட்டளவுக்கு வெட்டிப் போட்டிருக்காமே, உண்மையா?"

"ஆமா."

"தெய்வானையா வெட்டினா?"

இங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பொங்கல் அன்னிக்கு மேபல். நான் மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டேன்."

பொங்கலன்று மத்தியானம் நான் தூங்கியது உண்மை. இதே நாட்குறிப்பில் இருக்கிறது.

"ரெண்டு மாசமா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பிரசவ நேரம். உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

மேபல் அழுதாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. "அவளை நம்பித்தானேங்க விட்டுட்டு வந்தேன். தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இனிமே அவ நம்ம வாசல்ல கால் வெக்கக் கூடாது. ஷெட்டுச் சாவியை வாங்கிருங்க."

தெய்வானை வெட்டினாள் என்று நான் சொல்லவில்லை. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.


மார்ச் 8, வெள்ளி

எட்டு மணிக்குத் தெய்வானை வந்தாள். கேட்டிலேயே நிறுத்தினேன்.

"டீச்சர் இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சாவியைக் குடுத்துரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க என்னங்கய்யா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமே சொல்லலீங்களா?"

சாவியைக் கொடுத்தாள். மேபல் அவளுக்குக் கொடுத்திருந்த ஸ்வெட்டரையும் கழற்றி மடித்துக் கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பதினோரு டிகிரி. நல்ல காற்று.


மார்ச் 9, சனி

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கவாத்து தப்பிப் போனால், அந்த வரிசையை வெட்டியவன் பேரில் எழுதுவோம். அவனை எந்த உயரத்தில் வெட்டச் சொன்னது யார் என்று எழுத மாட்டோம். மேனேஜர் துரை கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம், வெட்டியவனும் வாயைத் திறக்க மாட்டான். அப்படித்தான் வேலை ஓடியது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எப்படியும் மேபல் மார்ச் 28 வருகிறாள். வந்ததும் நேரில் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் சொல்கிற விஷயமா இது?


மார்ச் 13, புதன்

தெய்வானை மற்ற நாட்களில் வேலைக்குப் போகிற கிருபை வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்களாம். பேங்க் மேனேஜராக இருந்த ஞானதுரை வீட்டிலும். பால்காரர் சொன்னார். "நீங்க தூங்கற நேரத்துல வெறி புடிச்ச மாதிரி வெட்டிட்டாளாமே சார், டீச்சர் மேல ஏதோ கோவமாம்." எனக்கு ரத்தம் கொதித்தது. யாரய்யா இப்படிக் கதை கட்டுவது? பாவிகள்!

பால்காரரிடம் நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.


மார்ச் 16, சனி

தெய்வானை திருப்பூருக்குப் போகிறாளாம். அண்ணன் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறான். மலர்விழிக்கு 22ஆம் தேதி கடைசிப் பரீட்சை. திங்கட்கிழமை 25ஆம் தேதி காலை பஸ்ஸில் இருவரும் கிளம்புகிறார்கள். மலருக்கும் அங்கேயே செக்கிங் வேலை சொல்லி வைத்திருக்கிறதாம். மேற்கொண்டு படிப்பு?

மேபல் வருவது 28. அவர்கள் போவது 25. கணக்கு எனக்கே புரிகிறது.


மார்ச் 19, செவ்வாய்

மேபலுக்கு ஃபோனில் எழுதினேன்: "ஜூனிபரை வெட்டியது நான்." அழித்தேன். "ஜூனிபர் விஷயத்தில் ஒரு சிறு தவறு நடந்துவிட்டது" என்று எழுதினேன். அழித்தேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், அதில் குற்றவாளியே இல்லாமல் எழுத முடிகிறது. அதையும் அழித்தேன்.

சாயங்காலம் மேபல் பேத்தியைக் காட்டினாள். கொட்டாவி விட்டது. "உங்க மூக்கு" என்றாள். என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. பிரஷர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.


மார்ச் 22, வெள்ளி

பஸ் ஸ்டாப்பில் மலர்விழி. கடைசிப் பரீட்சை முடிந்து யூனிஃபார்மில் வந்திருந்தாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். நேராக வந்து வணக்கம் சொன்னாள்.

"பரீட்சை எப்படிம்மா?"

"நல்லா எழுதிருக்கேன் ஐயா." அப்புறம் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்கம்மா வெட்டலைன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்றாங்க ஐயா. அப்ப யாரும்மா வெட்டினதுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா ஐயா, யாருன்னு?"

"பஸ் வந்துருச்சு பாரும்மா" என்றேன்.

வந்தது குன்னூர் பஸ். எனக்கு வேண்டியது ஊட்டி பஸ். ஆனாலும் அதில் ஏறிவிட்டேன்.


மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பேத்தி பிறந்ததற்காக இன்றைக்கு ஆராதனையில் ஸ்தோத்திரம் செலுத்துவதாக முன்பே சொல்லியிருந்தோம். பாஸ்டர் பெயரைப் படித்து, "சகோதரர் ஆசீர்வாதம் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லலாம்" என்றார். போனேன். எல்லார் கையிலும் குருத்தோலை. கிருபை இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

பேத்தி நலம் என்றேன். கர்த்தர் நல்லவர் என்றேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். கால் வரவில்லை.

"எங்க வீட்டு ஜூனிபரை வெட்டினது தெய்வானை இல்லை. நான். அவ வேணாம்னு சொன்னா, நான் கேக்கலை. அப்புறம் பழி அவ மேல விழுந்தப்ப வாயை மூடிட்டு இருந்தேன். பதினேழு நாளா இருந்தேன்."

பிறகு பாஸ்டர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த வயசுல இப்படி உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்றார். பின்னால் யாரோ கை தட்டினார்கள், அப்புறம் நாலைந்து பேர் தட்டினார்கள். வெளியே வந்ததும் ஞானதுரை தோளில் தட்டி, "செடிதானே சார், விடுங்க" என்று சிரித்தார். கிருபை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, உங்களை நெனச்சா பெருமையா இருக்கு" என்றாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் எவ்வளவு லேசு! இதற்கா இவ்வளவு நாள் பயந்தேன்?

அப்படியே லைன் வீட்டுக்கு இறங்கிப் போனேன். தெய்வானை பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்பே செய்தி போயிருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் தெய்வானை. நாளைக்கு எப்பவும் போல வேலைக்கு வந்துரு."

அவள் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்குக் கை தட்டினாங்களாமே ஐயா."

மலர்விழி உள்ளே இருந்தாள். வெளியே வரவே இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் கிருபை பெங்களூருக்குப் பேசிவிட்டாள். நான் கூப்பிட்டபோது மேபல் எடுத்தாள். "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். வைத்துவிட்டாள்.


மார்ச் 25, திங்கள்

ஏழரை பஸ்ஸில் தெய்வானையும் மலர்விழியும் போய்விட்டார்கள். நான் ஸ்டாப்புக்குப் போனேன். மூட்டையை ஏற்றிவிடப் போனேன், வேண்டாம் என்று அவளே தூக்கிக்கொண்டாள்.


மார்ச் 28, வியாழன்

வீடு பெருக்கினேன். சாதம் வைத்தேன், குழைந்துவிட்டது. மேபல் பத்து மணிக்குக் கோயமுத்தூரில் இறங்கியிருக்க வேண்டும். பதினொன்றரைக்கு ஃபோன் வந்தது.

"எங்க இருக்கே மேபல்? பஸ் கெடைச்சுதா?"

"திருப்பூர்ல இருக்கேன். தெய்வானை அண்ணன் வீட்டுல. ரயில் இந்த வழியாத்தானே வருது, இறங்கிட்டேன்."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஒன்பது வருஷம் என்கூட இருந்தவ. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நிறுத்தினேன். அது என் தப்பு, கேட்டுட்டேன் மன்னிப்பு. இப்ப நீங்க. ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாரும் இருக்காங்க."

முப்பத்துநாலு வருடத்தில் நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், வேலையைவிட்டு நிறுத்தியிருக்கிறேன். ஒரு தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

"சொல்லுங்கய்யா" என்று தெய்வானையின் குரல் கேட்டது.

"தெய்வானை, நான் சர்ச்சுல..."

"சர்ச்சு விசயம் தெரியுங்கய்யா."

"வெட்டினது நான். நீ சொல்லாதேன்னு சொன்னதும் நான். நீ வாக்கைக் காப்பாத்தினே, நான் உன்னைக் காப்பாத்தலை. உன் பொண்ணு எங்கிட்ட நேரா வந்து கேட்டா, அவகிட்டயும் மறைச்சேன். மன்னிச்சுரும்மா." அழுதேன். அந்தப் பக்கம் ஒரு வீடே கேட்டுக்கொண்டிருக்க அழுதேன்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் தெய்வானை சொன்னாள்.

"நீங்க சொன்ன அன்னிக்கு சர்ச்சுல நான் இல்லீங்கய்யா. நான் அந்த ரோட்டுல நடக்கறவ. கிருபையம்மா வீட்டு வாசல்லயும் பேங்க் ஐயா வீட்டு வாசல்லயும் என்னைய நிக்க வெச்சுத்தான் போகச் சொன்னாங்க. அதே வாசல்ல நான் நிக்கணும். நீங்க என்கூட நின்னு சொல்லணும். அதுக்கு வருவீங்களா?"

"வர்றேன்."

"அப்ப யோசிக்கறேன்" என்றாள்.


மார்ச் 29, புனித வெள்ளி

சாயங்காலம் வந்தார்கள், மூன்று பேரும். தெய்வானையும் மலரும் நேரே லைன் வீட்டுக்கு இறங்கிவிட்டார்கள். மேபல் பையை வாசலிலேயே வைத்துவிட்டு ஜூனிபரிடம் போனாள். வெட்டுவாய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"இதைப் பத்தி உங்ககிட்ட அப்புறம் பேசறேன். முதல்ல நாளைக்குப் போயிட்டு வாங்க" என்றாள். சாதம் குழைந்திருந்தது. அதையே சாப்பிட்டாள்.


மார்ச் 30, சனி

பன்னிரண்டு டிகிரி. லேசான தூறல், அளக்கவில்லை.

பத்து மணிக்குத் தெய்வானை ரோட்டில் வந்து நின்றாள். மலர்விழியும் வந்திருந்தாள். மேபல் தன் குடையைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். நடந்தோம்.

முதலில் ஞானதுரை வீடு. "உள்ள வாங்க சார்" என்றார். வாசலிலேயே நிற்கிறோம் என்றேன். சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார். தெய்வானையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தோட்டத்தில் வேறு ஒருத்தி களை எடுத்துக்கொண்டிருந்தாள். புது ஆள். நான் சொன்னதை அவளும் கேட்டாள்.

அடுத்து கிருபை வீடு. "அதான் சர்ச்சுலயே சொல்லிட்டீங்களே அண்ணே. எதுக்கு இவளையும் மழையில இழுத்துக்கிட்டு?"

"அன்னிக்கே இவளைக் கூட்டிட்டு வந்திருக்கணும் கிருபை. நான் மட்டும் வந்து நல்ல பேர் வாங்கிட்டுப் போயிட்டேன். இவ மேல சொன்னது பொய்னு நீ இவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

கிருபைக்கு முகம் சிவந்துவிட்டது. சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். தெய்வானை தலையை ஆட்டிக்கொண்டாள். மலர்விழி அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. அது நியாயம்தான்.

திரும்பி வரும்போது மேபல் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தாள். தெய்வானை குடையை மடக்கிக் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருவதாகச் சொன்னாள். என்னிடம் அல்ல, மேபலிடம்.